சைக்கிளில் கொண்டுபோன சிறுநீரகம்

என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செத்துவிட்டன. எனக்கு இரண்டும் உயிரோடு இருந்தன. இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது என்றுதான் நினைத்தேன். அண்ணனுக்குத் தேவைப்பட்டது. தொலைபேசியில் நான் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவன் வயலைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான், கடைசியில் என் வயிற்றைப் பற்றிப் பேசினான்.

“ஒன் ஒடம்பே ஒனக்குப் பாரம். அதுலருந்து ஒரு உருப்படியக் கழட்டி எனக்கு மாட்டணுமா? நாலு படி ஏறுனா மூச்சு வாங்குறவன் கிட்னிய வாங்கி நான் என்னடா பண்றது?”

“அண்ணே, மூச்சு வாங்குறது நெஞ்சு. கிட்னி வேற டிப்பார்ட்மென்டு.”

“சரி, ஒண்ணு செய். சைக்கிள்ல வா. பஸ் வர்ற நேர் ரோட்டுல இல்ல. மடுல்சீமை மலையேறி, சுத்தி எறங்கி, எங்க வாய்க்காக் கட்டு வரைக்கும் வந்து சேரு. வந்துட்டேன்னா வாங்கிக்கிறேன். இல்லாட்டி இந்தப் பேச்ச இனி எடுக்கப்படாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். விஷயம் முடிந்தது என்று அவன் நினைத்தான்.

அண்ணன் இருப்பது மகியங்கனைக்குக் கீழே, பெரிய கால்வாயின் ஓரத்தில். நாங்கள் பிறந்தது ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில். இளவயதில் அரிசி ஆலை வேலைக்கென்று கீழே இறங்கியவன், ஒரு சிங்களப் பெண்ணைக் கல்யாணம் கட்டி, அவள் வீட்டு வயலைச் செய்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டான். அந்தப் பக்கத்தில் இந்தச் சிறுநீரக வருத்தம் பல வீடுகளில் உண்டு. தண்ணீரால் என்பார்கள், வயலுக்கு அடிக்கும் மருந்தால் என்பார்கள். காரணத்தை யோசித்து முடிப்பதற்குள் வருத்தம் உள்ளே வந்து பாய் விரித்துவிடுகிறது. அண்ணன் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். “லாண்டரிக்குப் போயிட்டு வாறேன்” என்பான். எங்கள் குடும்பத்தில் பகிடி ஒரு பரம்பரை வியாதி. மற்றப் பரம்பரை வியாதிகளை நான் அப்போது விசாரித்து வைத்திருக்கவில்லை.

எனக்கு ஒரு நோயும் இல்லை என்பது ஊரறிந்த உண்மை. நான் ஒருநாளும் எதையும் பரிசோதித்ததில்லை. அண்ணனுடைய இரத்த வகையும் என்னுடையதும் ஒன்று என்று மட்டும் தெரியும். அது போதுமென்று இருந்தேன்.

பதுளை நகரத்தில் ஃபிளெக்ஸ் பதாகை அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பிறந்தநாள், பெண் பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, தேர்தல், மரணம் எல்லாவற்றுக்கும் அடிப்பேன். நிச்சயமாக வரும் வருமானம் கடைசியில் சொன்னதில்தான். செத்தவருடைய படம் கேட்டால் அநேகமான குடும்பங்கள் ஏதாவதொரு கல்யாண வீட்டுக் கூட்டப் படத்தைத்தான் கொண்டுவரும். பக்கத்தில் நிற்பவர்களை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடுக்க வேண்டும். வெட்டிய பிறகு பார்த்தால் அவருடைய தோளில் யாரோ ஒருவருடைய கை மட்டும் மிச்சமிருக்கும். அதை அழித்து, அந்த இடத்தில் சட்டை வரைந்து, பின்னால் நீல வானத்தைப் போட்டுக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் நான் அழித்த கைகளைச் சேர்த்தால் ஒரு தோட்டத்துக்கு, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆள் நிறுத்தலாம்.

கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் எல்லாருக்கும் நாநா. மலையேறத் தோதான சைக்கிள் ஒன்று வேண்டுமென்றேன். அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

“சைக்கிள் இருக்கு. அது ஒங்களத் தூக்கிக்கிட்டு ஏறுமான்னு அதுக்கிட்டதான் கேக்கணும்.”

“நாநா, இது உயிர்ப் பிரச்சின.”

“அதத்தான் நானும் சொல்றன்.”

பின்சக்கரத்துக்கு மேலே ஒரு தாங்கியும் இரண்டு பக்கமும் பைகளும் கட்டிக் கொடுத்தார். பைகள் நனையாமலிருக்க நான் கடையிலிருந்து பழைய பதாகை ஒன்றை எடுத்துப் போர்த்தினேன். பசறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு அடித்தது. மை கோளாறாகி முகம் பச்சையாக வந்துவிட்டது. “அப்பா ஏன் இலை மாதிரி இருக்காரு?” என்று மகன் வாங்க மறுத்துவிட்டான். அச்சு உள்ளே போகும்படி மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு விடியலில் கிளம்பினேன்.

பசறைக்கு ஏறும் பாதையில் பாதி தூரம் ஓட்டினேன், பாதி தூரம் தள்ளினேன் என்று சொன்னால் அது எனக்கு நானே கொடுக்கும் சலுகை. வெள்ளைச் சீருடையில் நடந்து போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னை முந்திப் போனார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்து, “அங்கிள், ஏறி ஓட்டுறதுக்கு வச்சிருக்கீங்களா, இல்ல தொணைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டாள். பதில் சொல்ல மூச்சில்லை. நாக்கு வறண்டு மேலண்ணத்தோடு ஒட்டியது. பாதையோரம் கண்ட தண்ணீர்ப் பீலியிலெல்லாம் வாயை வைத்துக் குடித்தேன். குடித்ததெல்லாம் அடுத்த வளைவிலேயே சிறுநீராய் வெளியே போனது. நன்றாகப் போகிறது, உடம்பு சுத்தமாகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மடுல்சீமைப் பாதையில் மழை பிடித்தது. காற்று பதாகைப் போர்வையைப் பிய்த்து எறிந்தது. தேயிலைச் செடிகளுக்கிடையே ஓடிப் பிடித்துவந்து, கை விறைக்க விறைக்க மறுபடி கட்டினேன். எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருப்பதை யார் பார்க்கிறார்கள்?

முதல் லயத்தைத் தாண்டும்போது வாசலில் நின்ற இரண்டு பெண்கள் தலையில் கை வைத்தார்கள். இரண்டாவது லயத்தில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். மழையில் சைக்கிள் மிதித்து வருகிற மனிதனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கொஞ்சம் தலைக்கேறியது. மூன்றாவது லயத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஓர் அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டு, “ஐயோ, என் தம்பி போயிட்டானா!” என்று மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பைகளுக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. அதற்குக் கீழே மழையில் நனைந்த பச்சைப் பெரியவர்.

மேலேயுள்ள தோட்டங்களில் தொலைபேசிக்குச் சிக்னல் எடுப்பது மழையின் கையில் இருக்கிறது. அதனால் சாவுச் செய்தி இன்றைக்கும் ஆள் மூலம் வருவதுண்டு. பதாகையோடு ஒருவன் நனைந்துகொண்டு வந்தால் அவன் அதற்குத்தான் வருகிறான். அக்காவின் தம்பி லுணுகலைப் பக்கத்தில் படுக்கையில் கிடந்தாராம். வழியில் தொப்பியைக் கழற்றிய கிழவருடைய மரியாதை யாருக்கு என்பதும் எனக்கு அப்போது விளங்கியது.

“ஒங்க தம்பி இல்லீங்க, அக்கா! நல்லாப் பாருங்க. இவரு வேற ஆளு.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “இது யாருங்க?”

“எனக்கும் தெரியாதுங்க.”

“செத்தது யாருன்னே தெரியாம எதுக்குங்க தூக்கிக்கிட்டு அலையிறீங்க?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் அழுகை முடியாமலேயே சிரித்தார். பிறகு என்னைத் தம் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இழுத்துப்போய் அடுப்பருகே உட்கார வைத்தார். ஆளை அழவைத்தவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடுவதில்லை போலும். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அண்ணன் என்றேன், கிட்னி என்றேன். அக்கா எழுந்து போய்ச் சீனிப் போத்தலை எடுத்துவந்து, என் கோப்பையில் இன்னும் இரண்டு கரண்டி சீனி போட்டார்.

“ரெண்டு உசுரத் தூக்கிக்கிட்டுப் போறீங்க. குடிங்க. தெம்பு வேணும்.”

அந்த இரவு அங்கேதான் படுத்தேன். விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு கோப்பை வந்தது. ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாமென்றால் அந்த வீட்டுக்காரர் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டார் என்பது லயத்தில் பிறந்த எனக்குத் தெரியும். சிலர் கோப்பையோடு உள்ளங்கையிலும் சீனி வைத்தார்கள். நக்கிக்கொண்டே குடித்தேன். எழுத்து தெரியாதபடி போர்வையைப் புரட்டிக் கட்டினால் இந்த உபசாரம் நின்றுபோகும் என்று தோன்றியது. ஆனாலும் மறுநாள் காலையில் ஒழுங்காக அச்சை உள்ளே வைத்துத்தான் கட்டினேன். கதை எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டிருந்தது. அடுத்த தோட்டத்துச் சந்தியிலும் என்னை நிறுத்தினார்கள். “அண்ணனுக்குக் கிட்னி கொண்டு போறவரு நீங்கதானே? வாங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

ஏதோ அதைப் பையில் போட்டுக்கொண்டு போகிறமாதிரிதான் கேட்டார்கள். எனக்கும் பின்னால் பாரம் கூடின மாதிரித்தான் இருந்தது.

மடுல்சீமைக்கு மேலே மலை முடிகிற விளிம்பு ஒன்று இருக்கிறது. அங்கே வந்தபோது பனி விலகியது. கீழே சமவெளி வெயிலில் கிடந்தது. தூரத்தில் மெல்லிய கோடாய்த் தண்ணீர் மின்னியது. கால்வாயா, ஏதும் ஆறா என்று நிச்சயமாகத் தெரியாது. கால்வாய் என்றே வைத்துக்கொண்டேன். அதன் ஓரத்தில் எங்கோ அண்ணன் உட்கார்ந்திருப்பான். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றபோது, பகிடி எதுவும் வாய்க்கு வரவில்லை. அவன் செத்தால் எந்தப் படத்தைப் போடுவது என்று மனம் தானாகவே தேடத் தொடங்கியது. கல்யாணப் படம் பழசு. அடையாள அட்டைப் படத்தில் திருடன் மாதிரி இருப்பான். தொழில் புத்தி. நிறுத்து என்றால் நிற்கவில்லை. மலையுச்சியில் நின்று அழுத தடியனைப் பார்த்து, செல்ஃபி எடுக்க வந்திருந்த பெடியன்கள் தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள்.

லுணுகலையைத் தாண்டிப் பிபிலைக்கு இறக்கம். இறக்கத்தில் நான் மிதிக்கவேண்டியதில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தெரிந்த தெய்வங்களையும் தெரியாத தெய்வங்களையும் கூப்பிட்டால் போதும். பிரேக் கட்டை தேய்ந்து கருகல் மணம் வந்தது. குளிர் போய்ப் புழுக்கம் வந்தது. பிபிலையில் ஒரு வாடகை அறையில் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தேன். தாகம் அடங்கவேயில்லை. தண்ணீர் குடிக்கவும் அதை வெளியே விடவும் மாறி மாறி எழும்பியதில், படுத்ததைவிட நடந்ததுதான் அதிகம். வெக்கை என்று நினைத்தேன். எதற்கும் ஒரு காரணம் என்னிடம் தயாராக இருந்தது.

மறுநாள் காட்டுப் பாதையில் வெகுதூரம் மிதித்து, மத்தியானம் சாய்ந்த பிறகு கால்வாய்க் கட்டின் மேல் ஏறினேன். மலையிலேயே வாழ்ந்தவனுக்குச் சமதரை ஒரு தண்டனை. வளைவில்லை, ஏற்றமில்லை, ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் கரை தொட்டு ஓடும் தண்ணீர், நடுவில் செம்மண் கோடு. மிதிக்க மிதிக்க அதே மரம் வந்துகொண்டேயிருந்த மாதிரி இருந்தது. மதகு ஒன்றின் மேல் யாரோ குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நெடுநேரம் தெரிந்தது. கிட்டே போகப் போக அந்த உருவம் பெரிதாகும் என்று பார்த்தேன். பெரிதாகவில்லை. அண்ணன் அவ்வளவு வற்றியிருந்தான்.

அவன் எழுந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்தான், பைகளைப் பார்த்தான். போர்வையின் நுனி அவிழ்ந்து, எழுத்து வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

“கண்ணீர் அஞ்சலியா? வரும்போதே அடிச்சிக் கொண்டாந்துட்டியாடா?”

“இது ஒனக்கில்லண்ணே. ஒனக்கு இத விடப் பெருசா அடிப்பேன்.”

“பச்சை நெறம் நல்லாருக்கு. எனக்கும் அதையே போடு.”

அவன் மடியிலிருந்து ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினான். அண்ணி பதறிப்போய் வீட்டுப் பக்கமிருந்து ஓடிவந்தார். “ஐயோ மல்லி, அது அவரு இன்னைக்கிக் குடிக்கிற தண்ணி!” அண்ணிக்கு நான் எப்போதும் மல்லிதான், சிங்களத்தில் தம்பி.

சிறுநீர் போகாத உடம்பில் ஊற்றுகிற தண்ணீர் உள்ளேயே நின்று நெஞ்சை அமுக்கும். அதனால் ஒரு நாளைக்கு அந்தப் போத்தல் மட்டும்தான். காலடியில் ஓர் ஆறளவு தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டு, அவன் அந்தப் போத்தலை மூடியால் அளந்து நாக்கை நனைத்து வாழ்ந்துகொண்டிருந்தான்.

அண்ணி ஒரு குடம் கொண்டுவந்தார். நான் தூக்கிக் குடித்தேன். நிறுத்த முடியவில்லை. கழுத்து வழியே வழிய வழியக் குடித்தேன். அண்ணன் என் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குடி. நல்லாக் குடி. பாக்கவே சொகமா இருக்கு.”

அண்ணி எங்களைச் சைக்கிளோடு நிற்கவைத்துப் போனில் படம் எடுத்தார். அண்ணன் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு இருந்தது. அவனுடைய வழக்கமான கேலிச் சிரிப்பில்லை. நான் அவன் தோளில் கை போட்டேன். எலும்பில்தான் பட்டது.

“சரிடா” என்றான். “சொன்னா சொன்னதுதான். வாங்கிக்கிறேன்.”

அந்த வாரம் அந்த வீட்டில் நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமென்று பலமுறை பார்த்தேன். அண்ணன் மாறிப்போனான். குத்தகைக்கு விட்டிருந்த வயலை அடுத்த போகத்துக்குத் திருப்பி எடுப்பதாகச் சொல்லியனுப்பினான். மூலையில் கிடந்த மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டான். ஆபரேஷன் முடிந்ததும் முதலில் ஒரு முழு இளநீர், பிறகு ஒரு செம்பு மோர், பிறகு கால்வாய்க்குள் இறங்கி நின்று வாய் நிறையக் கால்வாயையே குடிப்பேன் என்றான். அண்ணி மறுபக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவன் என் சைக்கிளைக் காட்டினான். “மலையேறி வந்திருக்கான் பாருங்க. இவன் கிட்னி பத்து வருஷத்துக்கு நிக்கும்.” நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் என் இரத்தத்தை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார். இளம் பெண், சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்கு நீரிழிவு இருக்கிறது. கட்டுக்கடங்காமல் இருக்கிறது. என் சிறுநீரகங்களே சேதமாகத் தொடங்கிவிட்டன. யாருக்கும் கொடுக்க முடியாது.

நான் சிரித்தேன். அது தேத்தண்ணி, டொக்டர், என்றேன். வழியெல்லாம் லயங்களில் சீனி போட்டுப் போட்டுக் கொடுத்தார்கள், வேண்டாமென்று சொல்லக்கூடாது, நீங்கள் கொஞ்ச நாள் பொறுத்து மறுபடி பாருங்கள், நான் ஒரு சிட்டிகைச் சீனி தொடாமல் வருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாம் பார்த்த பரிசோதனை நேற்றையதையும் முந்தாநாளையதையும் காட்டுவதில்லை, கடந்த மூன்று மாதத்தைக் காட்டுவது என்றார். இந்த அளவுக்கு வர அதற்கும் முன்னால் பல வருடங்கள் போயிருக்கும் என்றார். எப்போதும் தாகமாக இருக்குமா என்று கேட்டார்.

வழியில் தொப்பியைக் கழற்றிய, சிரித்த, கோப்பை நீட்டிய ஒருவர்மேல்கூடப் பழியைப் போட முடியவில்லை.

அண்ணன் மதகின் மேல் உட்கார்ந்திருந்தான். சொன்னேன்.

“சீனியா?”

“ஆமாண்ணே.”

“மலையெல்லாம் ஏறி வந்தியே.”

“ஏறித்தான் வந்தேன்.”

“ஒனக்கும் தாகம், எனக்கும் தாகம். ஆத்தா நம்மள எந்த நேரத்துல பெத்தாளோ.” சிரித்தான். நானும் சிரிக்கப் போனேன். அதற்குள் அவன், “நீ வராமயே இருந்திருக்கலாம்டா” என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை வரும்போல இருக்கிறது என்பது போலச் சொன்னான்.

“நான் பாட்டுக்குப் போறதுக்கு எல்லாத்தையும் கட்டி வச்சிட்டு உக்காந்திருந்தேன். பயம் கூட இல்ல. இப்ப மறுபடி முதல்லருந்து கட்டணும். ஒன் அண்ணிகிட்ட வேற வெத நெல்லுக்குச் சொல்லி வைக்கச் சொல்லிட்டேன்.”

மற்ற வழிகளைப் பற்றிப் பேசினேன். பதிவு இருக்கிறது, வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். அவன் தலையாட்டினான். கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அண்ணி எடுத்த படத்தை எனக்கு அனுப்பச் சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

“அதையே போடு. அதுல நல்லாச் சிரிச்சிருக்கேன். ஒன் மூஞ்சிய வெட்டிரு.”

சைக்கிளை அவன் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பினேன். நேர் பாதை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் பதுளை வந்துவிட்டது.

அந்தப் படம் என் கணினியில் இருக்கிறது. சொன்னபடி என்னை வெட்டிவிட்டேன். சைக்கிளை வெட்டிவிட்டேன். அவன் தோளில் ஒரு கை இன்னும் இருக்கிறது. தடித்த விரல்கள். அதை அழித்து, சட்டை வரைந்து, பின்னால் நீல வானத்தைப் போட எனக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும். சீனியில்லாத தேத்தண்ணிதான். லாண்டரிக்குப் போகாத நாட்களில் அவனே எனக்குப் போன் எடுப்பான். குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழேயிருந்து வருகிறது.

“என்னடா, பேனர் ரெடியா?”

“மெஷின் பழுதுண்ணே. சாமான் கொழும்புலருந்து வரணும்.”

“எப்பத்தான் வரும்?”

“சொல்ல மாட்டேங்குறானுங்க.”

“சரி, அவசரமில்ல” என்பான். மெஷின் எனக்குப் பின்னால் யாருக்கோ அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்காதபடி போனைக் கையால் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே வந்து நிற்பேன்.